ஓதச் சுவருக்குப் பெயின்ட் அடிக்காதே

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு வராந்தா
வியாழக்கிழமை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, மூச்சு முட்டாமல் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இன்று காலை ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வைத்துவிட்டார்கள். பயப்படாதே என்று வழக்கமாக எழுதுவேன், இந்த முறை எழுதப்போவதில்லை, எனக்கே பயமாக இருக்கிறது. அம்மாவை நினைத்தும் பயம்தான், ஆனால் அவளைச் சுற்றி நர்ஸும் டாக்டரும் நிற்கிறார்கள். உன் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் மனசு அம்மா கட்டிலை விட்டுவிட்டு உன் அறைக்கே ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த அறையை விட்டுக் கிளம்பு என்று சொன்னதும் நீ சிரித்துவிட்டாய். வருடக் கடைசி வரைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், நடுவில் போனால் அட்வான்ஸ் திரும்பி வராது, தரைக்குக் கீழே இருக்கிற அறை என்பதால்தான் வாடகை பாதி, அந்த மிச்சத்தில்தான் எங்களுக்குப் பணம் அனுப்புகிறாய், அம்மாவும் இப்படிச் சிக்கனமாகத்தானே உன்னை வளர்த்தாள் என்று அடுக்கிக்கொண்டே போனாய். அம்மா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அவளை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது. நடுவில் நீ நான்கு தடவை இருமினாய். என்ன இருமல் என்று கேட்டேன், காலைல எந்திரிச்சதும் கொஞ்சம் இருக்கும்பா, வேலைக்குப் போயிட்டா தானா சரியாயிடுது என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன், காகிதம் பின்னால் வந்து சேரட்டும். பேசினால் நீ சரிப்பா சரிப்பா என்று போனை வைத்துவிடுவாய்.

நாங்கள் மாடி வீட்டை விட்டுக் கீழே பின்பக்கத்து இரண்டு அறைக்கு வந்தது என் முழங்காலுக்காக என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, போன மாதம்கூடச் சாரத்தில் ஏறி நான்காம் மாடிக்குப் பெயின்ட் அடித்தேன். மாடி வாடகையைக் கட்ட முடியவில்லை, அதுதான் விஷயம். கீழ் வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரைப் பார்த்தபடி. முதல் மழையிலேயே படுக்கிற அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஊறி ஓதம் ஏறிவிட்டது. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் ரிப்பேர் செய்து வாடகையைக் கூட்டுவார், இல்லையென்றால் காலி செய்யச் சொல்வார், எதற்கு வம்பு என்று வாயைத் திறக்கவில்லை. கையில் தொழில் இருக்கிறது, வேலை முடிந்த இடங்களில் டப்பா அடியில் தங்கும் பெயின்டை மேஸ்திரி எடுத்துக்கொண்டு போகச் சொல்வார், பிறகென்ன. சமையலறைக்கு ஒரு பள்ளிக்கூடத்து மஞ்சள், படுக்கிற அறைக்கு ஒரு பேங்க்கின் நீலம், பாதியில் நீலம் தீர்ந்துபோய் மீதிக்குப் பல் ஆஸ்பத்திரிப் பச்சை. வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அம்மா மட்டும், காசில்லாமல் எனக்கு அரண்மனை கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

பிறத்தியார் வீட்டில் ஓதமான சுவரைக் கண்டால் நான் பிரஷ்ஷைக் கையில் தொட மாட்டேன், உனக்கே தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள், நன்றாகக் காயவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று வந்த வேலையை விட்டுவிட்டுக்கூடத் திரும்பியிருக்கிறேன். என் வீட்டுக்கு மட்டும் அந்த நியாயம் இல்லாமல் போயிற்று. கறுப்பாகப் புள்ளி வந்தால் அதன் மேலே ஒரு கோட், கொப்பளித்தால் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு இன்னொரு கோட். அதுவும் எனாமல், சுவரில் இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைத்துவிடுகிற பெயின்ட். காய்வதற்குள் தூசு ஒட்டக்கூடாதென்று இருக்கிற ஒரு ஜன்னலையும் சாத்திவிடுவேன். அதற்குள்தான் உன் அம்மா படுத்தாள்.

அவளுக்கு இருமல் வந்து ஐந்தாறு மாதமாகிறது, உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நடுவில் பத்து நாள் சித்தி வீட்டில் போய் இருந்தாள், அங்கே ஒரு இருமல்கூட இல்லையாம். அக்காளும் தங்கையும் சேர்ந்தால் நோய்கூடக் காது வலித்து ஓடிவிடும் என்று நான் கேலி செய்தேன். திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி பிடித்துக்கொண்டது. தெருமுனை டாக்டரிடம் போனோம், சளிக்கு மாத்திரையும் டானிக்கும் கொடுத்து, வீட்டில் நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தாள், அதே சுவரோரக் கட்டிலில், நாள் முழுக்க. மறுபடி போனோம், மருந்தை மாற்றிக் கொடுத்தார். முதல் தடவை போனதிலிருந்து பன்னிரண்டாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணால் என்னவோ கேட்டாள் பாப்பா, என்ன கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படி வண்டி பிடித்தேன், யார் தூக்கி உட்கார வைத்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இல்லை. செருப்பில்லாமல் வந்திருக்கிறேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இங்கே பார்ப்பது ஒரு லேடி டாக்டர், உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். அம்மாவால் தலையாட்ட முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டை விட்டு வெளியே போனால் இருமல் குறைகிறதா என்பதுதான். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அப்படியானால் வியாதி உங்கள் வீட்டில் இருக்கிறது என்றார். பூஞ்சை காற்றில் தூளாகப் பறந்து, மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டதாம், பெயின்ட் நெடி வேறு அதோடு சேர்ந்துகொண்டதாம். ஆரம்பத்திலேயே இடத்தை மாற்றியிருந்தால் பாதி தானாகவே சரியாகியிருக்கும், இப்போது எவ்வளவு திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அன்றைக்குச் சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பட்டி பார்க்கிற தகட்டை எடுத்து அம்மாவின் தலைமாட்டுச் சுவரைச் சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட் தாள் உரிகிற மாதிரி மொத்தமாகக் கையோடு வந்தது. பின்னால் சுவரே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. முப்பத்தொரு வருடமாகச் சுவரைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன், அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது புரிகிறதா நீ போனில் சொன்ன வார்த்தை என்னை ஏன் இப்படிப் போட்டு ஆட்டுகிறது என்று. வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்று அம்மா தலையாட்டியதும் அதுதான், நீ சிரித்துக்கொண்டு சொன்னதும் அதுதான். நான்கு மாதத்துக்கு முன்னால், கட்டிலோரம் சுவரில் கறை வருகிறது அப்பா என்று நீ கேட்டபோது, தேய்த்துவிட்டு ரெண்டு கோட் எனாமல் அடி, கண்ணுக்கே தெரியாது என்று சொன்னவன் நான்தான். எதைக் கலந்தால் ஒரு டப்பா ஒன்றரை டப்பாவுக்கு வரும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். நீயும் அடித்து முடித்து மறுநாளே படம் அனுப்பினாய், மகளும் தொழில் கற்றுக்கொண்டாள் என்று வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அதைக் காட்டினேன். இப்போது இந்த வராந்தாவில் உட்கார்ந்து அதே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். உன் தலையணைக்கு மேலே வலது பக்கம் பெயின்ட் லேசாக உப்பியிருக்கிறது. அடித்த இரண்டாம் நாளே உப்பியிருக்கிறது பாப்பா, அதைப் பார்க்காமல் பெயின்ட் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்திப் பார், மெத்தென்று உள்ளே போகும். சுரண்ட வேண்டாம், தூள் பறக்கும். துணியையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு.

எங்கே போவது என்று கேட்பாய். உன்னோடு பார்சல் கட்டுகிற அக்கா தன் அறையில் ஒரு கட்டில் போட இடமிருக்கிறது என்று கூப்பிட்டதாகவும், அவள் குறட்டை தாங்காது என்று நீ மறுத்ததாகவும் சொன்னாய். குறட்டை கேட்டு யாரும் ஆஸ்பத்திரியில் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டாம் மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல் என்றும் நீயேதான் சொன்னாய், அங்கே போ. அட்வான்ஸ் போனால் போகட்டும். கம்பெனியில் கொடுத்த வைத்திய அட்டையைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை நகை மாதிரி பூட்டி வைக்கத் தரவில்லை, எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. அட்டை போதாதென்றால் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கும், காலையிலேயே போய் வரிசையில் நில், வரிசையில் நிற்பதில் ஒரு கேவலமும் இல்லை. உன்னைச் செலவாளியாக மாறச் சொல்லவில்லை. சீப்பில் பல் விழுந்தாலும் அதையே வைத்துச் சீவு, பஸ்ஸுக்குப் பதில் நட, மீந்ததை மறுவேளைக்கு வை, அதெல்லாம் நல்ல பழக்கம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். காற்றிலும் வைத்தியத்திலும் மட்டும் கையைச் சுருக்காதே. அந்த இரண்டில்தான் நான் சுருக்கினேன், மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு இங்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கொடுத்தும் அவளுக்கு மூச்சு வரவில்லை.

அந்த வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஒரு மூன்றாம் மாடி அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார், ஒரே அறைதான், அதற்குள்ளேயே சமையல், ஆனால் எதிரெதிரே இரண்டு ஜன்னல். அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியேறுவது என் பொறுப்பு. நீ இந்த மாதம் அனுப்பிய பணத்தைத் தொடாமல் உனக்கே திருப்பிப் போட்டிருக்கிறேன். கோபப்படாமல் இருக்க மாட்டாய், படு, கோபப்படவும் மூச்சு வேண்டும், அந்தப் பணத்தில் முதலில் மூச்சைப் பார். அம்மா ஒரு நேரத்தில் மூன்று நான்கு வார்த்தைதான் பேசுகிறாள். நேற்று அதைக்கூட எனக்குத் தரவில்லை, புள்ள சாப்பிட்டாளா கேளுங்க என்று உனக்கே செலவழித்துவிட்டாள்.

இன்னொன்று இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன். தெருமுனை டாக்டர் சரியாகக் கவனிக்கவில்லை என்று சித்தி வருகிறவர்களிடமெல்லாம் திட்டுகிறாள், அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. முதல் நாள் நர்ஸ் அம்மாவை ஊசி போட உள்ளே அழைத்துப் போனதும் அவர் என்னிடம் கேட்டார், வீட்டுச் சுவரில் ஓதம், பூஞ்சை ஏதாவது இருக்கிறதா என்று. அந்தக் கிளினிக்குக்குப் போன வருடம் பெயின்ட் அடித்தவன் நான், நான் அடித்த சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்திருந்தது, வெளியே தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "பெயின்டர் வீட்ல ஓதமா டாக்டர்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து அம்மா இருமுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பதினோரு நாள், தினம் காலையில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள் என்று விட்டுவிடுவேன். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் அவளிடம் சொல்வேன். அவள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. எழுந்து உட்கார வேண்டும்.

நீ நூறு வயது நல்ல மூச்சோடு இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்ததும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் போ. அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதே, யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் வெட்கப்படாதே. உட்கார்ந்ததும் நீயாகவே சொல்லிவிடு, நான் படுக்கிற சுவரில் ஓதம் இருக்கிறது, எங்கள் அப்பா அதை மூடச் சொன்னார் என்று.

இப்படிக்கு,
உன் அப்பா