குண்டூசியும் ஸ்டாப்வாட்சும்

பிப்ரவரி 3, செவ்வாய்

எங்கள் பள்ளி ரிலே குழு இன்று 54.8 வினாடி. குச்சியைக் கை மாற்றும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மூன்றாவதாக ஓடுகிறவளிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் குட்டி நாய் குண்டூசி தையல் மெஷினுக்கு அடியில், துண்டுத்துணிக் குவியல் மேல், நாலு காலும் விறைத்து வெட்டிக்கொண்டு கிடந்தாள். இவர் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கனவு காணுது போல டீச்சர்." கட்டிய பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடும் ஆள் இவர் ஒருத்தர்தான்.

கனவாவது. இருபத்தாறு வருஷமாக மைதானத்தில் நிற்கிறேன், தசைப்பிடிப்பு எனக்குத் தெரியாதா? காலை நீவிவிட்டேன். எழுந்ததும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் இரண்டு தடவை சுவரில் போய் முட்டினாள், களைப்பாக இருக்கும். மூன்று கிலோ நாய்க்கும் முதலுதவி செய்யத் தெரிந்தவள் நான். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

பழையபடி ஆகிவிட்டாள். யாருடைய சட்டைக் கையையோ கவ்விக்கொண்டு வீடு பூராவும் ஓட்டம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தசைப்பிடிப்பு இல்லை. என்ன முட்டாள் நான்.

காலையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணெதிரே சாய்ந்தாள். தாடை கடகடவென்று அடிக்கிறது, வாயில் நுரை, நீச்சல் அடிப்பது மாதிரி கால்கள், படுத்த இடத்திலேயே மூத்திரம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்திருக்கிறது, ஆனால் நான் தெரியவில்லை. நாக்கு மாட்டிக்கொண்டதோ என்று வாயில் விரலை விட்டேன். நல்லா கடி வாங்கினேன். ரத்தத்தைப் பார்த்ததும் இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊசி விரலில் குத்தினாலே தண்ணீர் கேட்கிற தையல்காரர். நாயைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா?

அவள் போயிடுவான்னு நெனச்சேன்.

பிப்ரவரி 16, திங்கள்

லீவு போட்டுவிட்டு எனக்கு ஊசி, அவளுக்கு டாக்டர். அங்கே போனதும் மகாராணி வாலை ஆட்டிக்கொண்டு எல்லோருடைய செருப்பையும் மோந்து பார்க்கிறாள். டாக்டரம்மா தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். "வலிப்பு மாதிரிதான் இருக்கு. எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"பத்து நிமிஷம்னா நேத்தே தூக்கிட்டு ஓடி வந்திருக்கணும். அஞ்சு தாண்டினாலே ஆபத்து. கடிகாரத்தைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்குகிறது, நான் பார்க்கவில்லை. அரை வினாடிக்குப் பிள்ளைகளை வறுத்தெடுக்கிறவள், குத்துமதிப்பாகப் பத்து நிமிஷம் என்கிறேன். அந்த அறையில் தலைகுனிந்து நின்றேன்.

மறுபடி வந்தால் நேரம் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்த வேண்டும். வாயில் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் நம் வேலை என்றார்.

மார்ச் 1, ஞாயிறு

வந்தது. ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். நாற்காலியை இழுத்தேன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பேர் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் ஓடும் நேரத்தைக் குறிக்கிற ரெக்கார்டு புத்தகத்தில் எழுதிவிட்டேன்:

குண்டூசி. காலை 8.05. 1 நிமிடம் 12 வினாடி. நேரம் எடுத்தவர்: நான்.

வீடியோ இவர் பொறுப்பு. முக்கால்வாசி ஃபேன்தான் தெரிகிறது. கடைசியில் ஒரு நொடி குண்டூசியின் வால்.

மார்ச் 2, திங்கள்

டாக்டரம்மா புத்தகத்தைப் படித்தார், ஃபேனைப் பார்த்துச் சிரித்தார். "இப்படி யாரும் எழுதிட்டு வர்றதில்ல." உள்ளுக்குள் மெடல் வாங்கினேன்.

ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. காலை ஏழு, மாலை ஏழு, பாதிப் பாதி மாத்திரை. "சுத்தமா நின்னுடும்னு சொல்ல மாட்டேன், குறையும். நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க."

மார்ச் 7, சனி

பின்னங்கால் தள்ளாடுகிறது, எந்நேரமும் பசி. முதலில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா முன்னமே சொன்னார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மூன்று வாரம் தாண்டிவிட்டது, ஒன்றும் வரவில்லை. நடையும் சரியாகிவிட்டது. நேற்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மருந்து சரியான அளவில் இருக்கிறதாம்.

ஏப்ரல் 3, வெள்ளி

நாளை பக்கத்து ஊரில் போட்டி. விடியற்காலையில் பஸ், வர சாயங்காலம் ஆகும். நான் இல்லாத நேரத்தில் வந்தால்? இந்த மனுஷன் மயங்கி விழுந்தால் யார் யாரைத் தூக்குவது? வேறு டீச்சரை அனுப்பலாமா என்றேன்.

"நீ போ டீச்சர். நான் இருக்கேன்ல."

அதுதான் எனக்குப் பயமே என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

53.9. முதலிடம். மூன்றாவதாக ஓடுகிறவள் குச்சியைக் கொடுத்த அழகை ஒரு பக்கம் எழுதலாம். இன்றைக்கு வேண்டாம்.

வீட்டில் மெஷின் ஓடவில்லை. நாற்காலிகள் எல்லாம் சுவரோரம். கத்தரிக்கோல் அலமாரி உச்சியில். இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் குண்டூசி தூங்குகிறாள். கட்டிங் மேஜையில் யாருடைய பேண்டுக்கோ வெட்டிய கருநீலத் துணி. அதன் மேல் வெள்ளைச் சாக்பீஸில், கோணல்மாணலாக:

11.17 விழுந்தா. 11.18 எந்திரிச்சா. கை வைக்கல.

"பேப்பர் தேடணும்னா அவளை விட்டுக் கண்ணை எடுக்கணும். துணிதான் கைக்குக் கிடைச்சுது."

"ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"நீ அங்க பிள்ளைங்களை ஓட விட்டுட்டு இருப்ப. டாக்டர்கிட்ட பேசிட்டேன். அஞ்சு நிமிஷம் தாண்டியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன், செருப்புகூட மாட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

குனிந்து பார்த்தேன். இன்னும் செருப்போடுதான் இருக்கிறார், வீட்டுக்குள்ளே. ரிலேவில் ஜெயித்ததைச் சொல்லவே மறந்துபோனேன். ஏழு மணிக்கு அவர் மாத்திரையை எடுக்க எழுந்தபோது ரெக்கார்டு புத்தகத்தைத் திறந்தேன்.

குண்டூசி. பகல் 11.17. 1 நிமிடம். நேரம் எடுத்தவர்: என் வீட்டுக்காரர்.