அப்பாவிடம் இருந்த மூன்றாவது சாவி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உனக்கென்ன, நலமாகத்தான் இருப்பாய். இங்கே உன் தங்கை தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்து போய்விடுகிறாள், இப்படியே எத்தனை நாள் ஓடுமோ. போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது முழுசாகப் படி.

அங்கே புது வீட்டுக்கு முன்பணம் வேண்டும் என்பதற்காக, நீ இங்கே விட்டுவிட்டுப் போன காரை ஆஸ்பத்திரி வாசலில் யாரோ திருடிவிட்டதாகப் புகார் கொடு, இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும் வண்டியைப் பிரித்து விற்றுவிடலாம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தது நீதானே. அண்ணன் சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பாள் அந்தப் பைத்தியம். லேபில் ரத்தம் சோதிக்கிறவள், சின்னச் சந்தேகம் வந்தாலும் மறுபடி ஊசி போட்டு எடுக்கிறவள், உன் பேச்சைக் கேட்டுப் பொய்ப் புகாரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வண்டி தொலைந்தது நிஜம் என்று காட்ட இரண்டு சாவியையும் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒப்படைத்திருக்கிறாள். வண்டியோ தச்சர் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. வெயிலில் பெயிண்ட் போகிறது, நிழலில் நிற்கட்டும் என்று அப்பாவிடமும் என்னிடமும் அவள் ஒரே கதைதான் சொன்னாள். எல்லாவற்றையும் யோசித்த மகாபுத்திசாலிகள், காலமெல்லாம் பஸ் ஓட்டிய உன் அப்பாவை மட்டும் மறந்துவிட்டீர்கள். ஒரு வண்டி சும்மா நின்றால் அவருக்குத் தூக்கம் வருமா? கைக்கு வந்த வண்டிக்கெல்லாம் தனக்கென்று ஒரு டூப்ளிகேட் சாவி போட்டு வைத்துக்கொள்கிறவர் அவர் என்று உனக்குத் தெரியாதா? வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாகப் போய், துடைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வந்திருக்கிறார்.

பாலிசியில் நம் வீட்டு முகவரிதானே இருக்கிறது, கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். என் மகன் வண்டியைப் பத்தித்தானே கேக்குறீங்க, வாங்க வாங்க, புதுசு மாதிரி வச்சிருக்கேன் என்று சட்டையைக்கூட மாற்றாமல் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் அப்பா. தார்ப்பாயை விலக்கி, ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்து, பேட்டரி எப்படி இருக்கு பாத்தீங்களா என்று பெருமை வேறு. வந்தவரு அசந்துபோயி போட்டோவா எடுத்துத் தள்ளிட்டாரு என்று என்னிடம் வந்து சொல்கிறார். மறுநாள் போலீஸ் வாசலில் நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது.

உன் தங்கைக்காக நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். பணம் வராது என்பதோடு இது முடியாது, கம்பெனியை ஏமாற்றப் பார்த்ததற்கு ஒரு வழக்கு, போலீசில் பொய் சொன்னதற்கு இன்னொன்று, யார் கையெழுத்தோ அவர் கழுத்துதான் முதலில் மாட்டும், குற்றம் நிரூபணமானால் சிறைகூடப் போக வேண்டியிருக்கும், அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே விடாது என்றார். இப்போதே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இடம் கொடுத்த பாவத்துக்குத் தச்சரும் ஸ்டேஷனுக்கு நடக்கிறார், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சொல்லிக்கொடுத்தவன் தானாக வந்து ஒத்துக்கொண்டால் நீதிபதி அவளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார் வக்கீலம்மா. அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? கம்பெனிக்காரன் பணம்தானேம்மா, நாம யார் வயித்துல அடிச்சோம் என்றாய். உன் தங்கை வயிற்றில் அடித்தாயடா, கூடப் பிறந்தவள் வயிற்றில். அதோடு விட்டாயா? அப்பாவுக்கு ஞாபக மறதின்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடும்மா, அவர் சொன்னது எதுவும் செல்லாதுன்னு ஆயிடும் என்றாய். எப்படியடா நாக்கு கூசாமல் வந்தது? அவருக்கா மறதி? தன் ரூட்டில் எந்தத் திருப்பத்தில் எந்தப் பள்ளம் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சிவப்பு விளக்கை ஒரு தடவைகூடத் தாண்டாத மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நான் எழுதி வாங்க வேண்டும், நீ தப்பிக்க வேண்டும், அப்படித்தானே? பெற்ற வயிறு பற்றி எரிகிறது.

இதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பாடு ஏற்கெனவே போதும். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா பிள்ளைக்கு இந்த கதி வந்திருக்காதே என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். சாவியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. போன ஞாயிறு பழக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். விசாரணையில் அவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போகிறார்கள், பெற்ற மகள் எதிரில் நிற்க இவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்னைக்கு அவன் வந்துருவான்ல என்று என்னைத்தான் கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் வந்து சேர். லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று கதை விடாதே. நீ வராவிட்டால் அப்பாவுக்கு அடுத்தபடியாக நான் கூண்டில் ஏறுவேன். நீ போனில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்வேன், அந்த ஞாபக மறதிச் சங்கதியையும் சேர்த்து. அப்பா அங்கேதான் உட்கார்ந்திருப்பார், கேட்டுக்கொண்டிருப்பார். அவர் அதை என் வாயால் கேட்க வேண்டுமா என்பதை நீ முடிவு செய்துகொள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். எவ்வளவு கோபம் வந்தாலும் உனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் மனசு கேட்கிறது, என்ன செய்ய. வரும்போது எதுவும் வாங்கி வராதே. வருவான் என்று நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பொய்யாக்காமல் வா, அது போதும்.

கோபம் தீராமலே ஆசி சொல்லும்,
உன் அம்மா