பதினேழாம் எண் பைல்

சுவா,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மெரெசெயினி அவர்களுக்கு,

பேசாமல் இருந்தது போதும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வர வேண்டிய சோதனைக்கூடப் பதவி உங்களுக்குப் போனது. அதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு மறந்துவிடப் போவதும் இல்லை.

ஆனாலும் மாணவியர் விடுதி கட்டும் இடத்தில் நீங்கள் அடித்தளப் பைல்களை, மண்ணுக்குள் ஆழமாக வார்த்த கான்கிரீட் தூண்களை, சோதித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை எல்லாம் நிறுத்தச் சொன்னீர்கள். பைலின் தலையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சென்சாரை மெழுகால் ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டினீர்கள். ஒவ்வொரு பைலிலும் மூன்று இடம், இடத்துக்குப் பத்துத் தட்டு. மழை வந்ததும் தார்ப்பாயைக் கருவிக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் நனைந்தீர்கள்.

எங்கள் மேஸ்திரி ஜோவேசா, "என்னம்மா, சிங்கடோகா ரோட்டுல தர்பூசணி வாங்குற மாதிரி தட்டிக்கிட்டே இருக்கீங்க" என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தர்பூசணின்னா வெட்டிப் பாத்துடலாம் அண்ணே. இத வெட்ட முடியாதே, அதான் தட்டுறேன்" என்றீர்கள்.

பதினேழாம் பைலில் அதிர்வு பதினான்கு மீட்டர் அடிவரை போகாமல் ஆறு மீட்டரிலேயே திரும்பியது. அங்கே கான்கிரீட் மெலிந்து சேறு புகுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் கருவிதான் கோளாறு என்று விடுதியைக் கட்டும் எங்கள் நிறுவனம் புகார் செய்தது. அடுத்த வியாழக்கிழமை விசாரணையில் உங்கள் உரிமத்தைப் பறிக்கப் பார்க்கிறார்கள். பறித்துவிட்டால் அந்தப் பைலின் மேலேயே நான்கு மாடி எழும்பும்.

கருவியில் கோளாறு இல்லை. அந்தப் பைலை வார்த்த அன்று இரண்டாவது கான்கிரீட் லாரி ரேவா பாலத்தில் சிக்கி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஊற்றும் குழாய் உள்ளேயே இறுகிவிடும் என்று பயந்து அதை உருவச் சொன்னது நான். லாரி வந்ததும் மறுபடி இறக்கினோம். குழாய் கான்கிரீட்டை விட்டு வெளியே வந்த ஆழம் சரியாக ஆறு மீட்டர். அதை அன்றைய வேலைப் பதிவுத் தாளில் குறித்தேன். மறுநாள் மேலாளர் கேட்டுக்கொண்டபடி அது இல்லாத வேறு தாள் எழுதிக் கொடுத்தேன்.

மண்ணுக்கடியில் நான் மறைத்ததை, மேலே நின்று ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தப் பதவி சரியான ஆளுக்குத்தான் போனது என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

முதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணையில் மேசைமேல் எடுத்து வையுங்கள். யார் மிரட்டினாலும் உங்கள் அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிவிடாதீர்கள்.

தாளின் அடியில் என் முழுக் கையெழுத்து இருக்கிறது. கடிதத்தில் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.