தாடை வைக்கிற கட்டை

18-1-99, திங்கள்

விடிந்தும் பனி விலகவில்லை. ஏரிக்கரைக் கழனியில் அறுப்பு. கதிர் எல்லாம் ஈரம், கை விறைத்துப்போச்சு.

மகள் மெர்சி பால்வாடி வேலை விட்டு வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது தோளில் தைலம் தேய்த்தேன். கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. தாடைக்குக் கீழே தோல் சிவந்து எரிச்சல். வயலினில் தாடை வைக்கிற கட்டை அழுத்துகிற இடம். அவள் அப்பாவுக்கும் அதே இடத்தில் காய்ப்பு இருந்தது, கறுப்பாக. வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் ஆடியில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் சர்ச்சில் வயலின் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு நான் வாசிக்கிறேன் என்று மகளே முன்வந்தாள். அவரிடம் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவள். இப்போது இப்படி.

சர்ச் உபதேசியார் சாயந்திரம் வந்தார். "அக்கா, புள்ளய பேஜார் பண்ணாத. முடியலன்னா வாலாஜாபாத்துல இருந்து கீபோர்டு வரவழைக்கலாம். வாசிக்கிற பையன் வாராவாரம் வரேன்றான்."

நல்ல மனுஷன்தான். ஆனால் கீபோர்டு வந்தால் வந்ததுதான். வயலின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அவர் இன்னொரு தரம் போன மாதிரி ஆகும் எனக்கு.

20-1, புதன்

வேலை இல்லை. மகள் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை நாள் கேட்டேனே தவிர பார்த்ததில்லை.

இடது தோள் காது வரைக்கும் ஏறி நிற்கிறது. தலை கீழே சாய்கிறது. ரெண்டுக்கும் நடுவில் வயலினை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். நாற்று நடுகிறவள் நான். நாளெல்லாம் ஒரே கோணலில் நின்றால் உடம்பு என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது.

"ஏண்டி தோளத் தூக்கிக்கினு கீற?"

"தூக்கலன்னா வயுந்துடுமே. நைனாவுக்கு இன்னாம்மா, கழுத்தே கெடயாது. தோள் மேலயே தலை. எனக்குக் கொக்குக் கழுத்து."

நிஜம். அவருக்குச் சட்டைக் காலர் பித்தான் போட நான் பட்ட பாடு. நினைத்துச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆச்சு. ஸ்தோத்திரம்.

தோளுக்கும் வயலினுக்கும் நடுவில் என் கையே நுழைகிறது. அந்த இடத்தை அடைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

22-1, வெள்ளி

திண்டு தைத்தேன். உள்ளே இலவம்பஞ்சு. மேலே பட்டு. அய்யங்கார்குளத்தில் தறி வீட்டில் வேலை செய்யும் என் தங்கை கொடுத்த வெட்டுத் துண்டு, அரக்கு நிறம். ஆண்டவர் சந்நிதியில் வாசிக்கப் போகிறாள், கந்தலையா வைப்பது. பார்க்க நன்றாக இருந்தது.

24-1, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாட்டு பழகினார்கள். ரெண்டாம் சரணத்தில் திண்டு வழுக்கியது. அவள் கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை, இது பட்டு. வயலின் சறுக்கிக்கொண்டு கீழே போச்சு. முழங்காலால் தடுத்துப் பிடித்தாள். வில் போய் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

கூடப் பாடுகிற சம்பூர்ணம் சும்மா இருப்பாளா. "பட்டு என் இடுப்புலயே நிக்க மாட்டேங்குது. தோள்ல நிக்குமா?" எல்லாரும் சிரித்தார்கள். மெர்சியும். நான் தலை குனிந்துகொண்டேன்.

தப்பு என்னுது. காஞ்சிபுரத்துக்காரிக்கு எதற்கும் பட்டுதான் உசத்தி. வயலினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்தோத்திரம். உபதேசியார் வயலினையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் பயமாக இருந்தது.

26-1, செவ்வாய்

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துவிட்டுப் பால்வாடி லீவு. உத்திரமேரூர் போனோம். வயலினையும் எடுத்துக்கொண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை பாய். ஸ்பான்ச் கிடைக்குமா என்று கேட்டேன். "எதுக்கும்மா?" மெர்சி தோளில் வைத்துக் காட்டினாள். பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸ்பான்ச் அமுங்கிடும் என்று சொல்லி மேலே இருந்து ஒரு ஹவாய் செருப்பை எடுத்தார், புதுசு.

மெர்சிக்கு முகம் மாறிவிட்டது. "செருப்பா? சர்ச்சுக்கு உள்ள எடுத்துக்கினு போவணும் பாய்."

"கால் பட்டாத்தான் அது செருப்பு. இது இன்னும் வெறும் ரப்பர்தான் கண்ணு."

நான் வாங்கிக்கொண்டேன். சரி என்று பட்டது.

வாரைக் கழற்றினார். குதிகால் பக்கம் வளைவாகச் சீவினார். தோளில் வைத்துப் பார்ப்பதும் சீவுவதுமாக. நாஷ்டா பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. கல்லாப்பெட்டியில் இருந்து ரப்பர் பேண்டு எடுத்து வயலின் மூலையில் மாட்டினார். சொரசொர பக்கம் தோளுக்கு. வழுக்கவே இல்லை. மகளுக்குத் தோள் தானாக இறங்கியது, மூட்டை இறக்கி வைத்த மாதிரி.

மீதி ஒத்தைச் செருப்பை என்ன செய்வீர்கள் என்றேன். "ஒத்தக் கால்ல தவம் பண்றவன் எவனாவது வருவான், குடுத்துக்கறேன்."

காசு வாங்க மறுத்துவிட்டார். மெர்சி அப்பா போன அன்றைக்குக் கடை சாத்திவிட்டு வந்த மனுஷன் இவர். நல்லா இருக்கட்டும்.

30-1, சனி

காஞ்சிபுரத்தில் இருந்து வயலின் பழுது பார்க்கிற தம்பி பஸ்ஸில் வந்தார், உபதேசியாருக்குத் தெரிந்தவர். ரப்பரைப் பார்த்துவிட்டு, "கம்பெனியில செய்யறதும் இப்பிடித்தான்கா, கொஞ்சம் பாலீஷா இருக்கும்" என்றார். சந்தோஷம்.

அப்புறம் தாடைக் கட்டையைத் தடவிப் பார்த்தார். "இதையும் மாத்தணும். ரொம்பத் தாழ்வு. அவரு தாடைக்கே தேஞ்சி ஓரம் கத்தி மாதிரி இருக்குது. அதான் பொண்ணுக்குப் புண்ணு." தன் பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். பழசுதான், உயரமாக, ஓரம் மழுங்கி.

வேண்டாம் என்றேன். எதனால் அப்படிச் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளம் அவருடைய தாடை. சட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. செருப்பும் போயிற்று. போட்டோவில் இருப்பது முகம்தான். தடவிப் பார்க்க இது ஒன்றுதான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதில் கட்டை விரலை வைத்துக்கொண்டு உட்காருவேன்.

தம்பி தான் கொண்டுவந்ததை மாடத்தில் வைத்துவிட்டு, "இருக்கட்டும்கா, அவசரமில்ல" என்று போனார். மெர்சி பழைய கட்டைமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

2-2, செவ்வாய்

துணி துவைத்தேன். கைக்குட்டையில் ரத்தக் கறை. உள்பக்கமாக மடித்து வைத்திருந்தாள், எனக்குத் தெரியக் கூடாதென்று.

அலசிக் காயப் போட்டேன். கறை போகவில்லை.

அவர் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

3-2, புதன்

அறுப்புக்குப் போகவில்லை. வயலினையும் மாடத்துக் கட்டையையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் கடை ஏகாம்பரத்திடம் போனேன். கட்டையைப் பிடித்திருக்கிற திருகு துருப்பிடித்து இருந்தது. சின்ன ஓட்டை, அதில் கம்பி விட்டுத் திருப்ப வேண்டும். ஸ்போக்ஸ் கம்பி துண்டு சரியாக நுழைந்தது.

"இன்னாக்கா இது, என் பொண்டாட்டிய விட அடம் புடிக்குது." எண்ணெய் ஒரு சொட்டு விட்டான். ஒரு பீடி நேரம் விட்டுவிட்டுத் திருப்பினான். திரும்பியது.

கட்டை கையோடு வந்தது. அதன் அடியில் பலகை புத்தம் புதுசாக இருந்தது. வேர்வை படாத, வெயில் படாத நிறம், தேன் மாதிரி. கல்யாணம் ஆன வருஷம் அவர் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கியபோது மொத்தமும் அந்த நிறம்தான். நான் மறந்தே போயிருந்தேன்.

ஏகாம்பரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு டயருக்குக் காற்று அடித்தான். நான் கண்ணைத் துடைத்து முடிக்கிறவரைக்கும் அடித்தான். அந்த டயருக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை.

புதுக் கட்டையை மாட்டினான். பழையதைத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன்.

மெர்சி வந்து பார்த்தாள். வயலினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தாடையை வைத்தாள். புண்ணில் படவில்லை. "எம்மா" என்றாள்.

7-2, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

பனி சீக்கிரம் விலகியது. சர்ச் வாசலில் நெற்கட்டு, வாழைத்தார், பூசணி, காலைக் கட்டிப் போட்ட சேவல். சேவல் ஜெபத்துக்கு நடுவில் கூவியது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

மெர்சி எழுந்து நின்றாள். எனக்கு எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டுப் பழக்கம். மூடினேன். அவர் வரவில்லை. அவர் ஒவ்வொரு அடியையும் கடைசியில் இழுப்பார், விட மனசில்லாத மாதிரி. இவள் இழுக்கவில்லை. சுத்தமாக முடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போகிறாள்.

கண்ணைத் திறந்துவிட்டேன். தோள் இறங்கி இருந்தது. கழுத்து நிமிர்ந்து இருந்தது. வயலின் அவள் உடம்பிலேயே முளைத்த மாதிரி நின்றது. இது அவள் வாசிப்பு. நல்லாத்தான் இருந்தது.

காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது உபதேசியார் சொன்னார்: "கீபோர்டு பையனுக்கு வேணாம்னு போன் பண்ணிட்டேன் அக்கா." பக்கத்திலிருந்து சம்பூர்ணம், "பட்டத் தூக்கிப் போட்டியா இல்லியா?" பூசணியை நான் எடுத்தேன்.

ஆண்டவருக்கு, பாய்க்கு, தம்பிக்கு, ஏகாம்பரத்துக்கு, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எந்தக் கழுத்து? பசிக்குதும்மா."

அடுப்பு பற்ற வைக்கப் போகிறேன்.