இடது பின்கதவு

அக்கா,

உன் பழைய நம்பர் போகமாட்டேங்குது, அதான் லெட்டர். அவசரமா எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

அப்பா வித்தாரே நம்ம அம்பாசிடர், அத பித்தளைத் தகட்டுல உள்ளங்கை அளவுக்குச் செஞ்சிருக்கேன். கிரில், பம்பர், வைப்பர் எல்லாம் அரத்தால ராவி ராவி எடுத்தது. "காலேஜ விட்டுட்டு தகரம் ராவுறான் பாரு"ன்னு நம்ம காளவாசல் ஏரியா பயலுக பூரா சிரிச்சானுக. பழைய போட்டோவுல வலது பக்கம் மட்டும்தான் தெரியும். அதப் பாத்தே எடது பக்கத்தையும் செஞ்சுட்டேன்.

இன்னைக்கு அப்பா காரக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"தப்புடா."

"என்னப்பா தப்பு? அளவெல்லாம் கரெக்ட்டு."

"எடது பின்கதவுக்கு ஏதுடா கைப்பிடி? கனகு தொங்கித் தொங்கி ஒடிச்சிட்டால்ல. நான் கம்பியச் சுத்திக் கட்டியிருந்தேன்."

கனகுன்னாரு அக்கா! நீ அப்பா பேச்ச மீறிக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனதுல இருந்து, உன் பேர எடுத்தாலே சோத்துத் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போற மனுசன். அம்மா கரண்டியோட அப்படியே நின்னுருச்சு.

அம்புட்டு பாடுபட்டுச் செஞ்ச கைப்பிடிய நானே பேத்து எடுத்தேன். அவரே மெல்லிசா செம்புக்கம்பி கொண்டாந்து கட்ட உக்காந்தாரு. பாதியில நிறுத்திட்டாரு.

"எத்தன சுத்துன்னு மறந்துபோச்சு. அவளுக்குத்தான் தெரியும்."

இப்பவும் கம்பியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ பதில எனக்கு எழுதாத. அவருக்கு எழுது.

கையெல்லாம் பித்தளைத் தூளோட,
உன் தம்பி