சோக் இல்லாமல் எரிந்த டியூப்லைட்

ஜெயங்கொண்டம்
12.8.2006

அன்பு மகள் பிரவீணாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முட்டிவலியும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் சுகமாகவே இருக்கிறது. புனேயில் நல்ல மழை என்று பேப்பரில் பார்த்தேன், குடையை மறக்காதே. போன ஞாயிறு போனில் நீ கேட்டது பாதிதான். மீதியை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு உன் புனே ஆபீஸ் சிநேகிதி சகாய பிரியாவைக் கூட்டி வந்தாயே, அன்று சாயங்காலம் கரண்டு போயும் கூடத்து டியூப்லைட் மட்டும் எரிந்தது. தெருவே இருட்டு, வயரிங் வேலை பார்க்கிற என் வீட்டில் மட்டும் வெளிச்சம். திருட்டுக் கரண்டு என்று ஈ.பி.காரர்கள் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்தேன், எரிந்தது. சோக்கைக் கழற்றினேன், இன்னும் பளிச்சென்று எரிந்தது. நீங்கள் இரண்டு பேரும் முறுக்கைத் தின்றபடி சிரித்தீர்கள். அந்தப் பெண் கைகழுவக் கொல்லைக்குப் போனதும் அணைந்தது, திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்ததும் எரிந்தது. உடனே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது, எர்த் கோளாறு! மறுநாள் எர்த் கம்பிக்குக் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்புறம் மாசியில் ராசாங்கம் மாமா உடையார்பாளையத்து மாப்பிள்ளையைக் கொண்டு வந்ததும், நீ முடியாது என்று அழுது, கோபித்துக்கொண்டு ரயிலேறியதும், அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும் பேசுவதும் உனக்கே தெரியும். பெண்ணுக்கு வேலைக் களைப்பு, ஆவணியில் சம்மதித்துவிடுவாள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். உன் அப்பன் அவ்வளவு பெரிய அறிவாளி.

போன ஞாயிறு சகாய பிரியா ஏலாக்குறிச்சியிலிருந்து தனியாக வந்தது. லீவில் ஊருக்கு வந்திருந்ததாம். உட்கார்ந்ததும் தலை நிமிராமல், "என்னாலதான் உங்களுக்கும் அவளுக்கும் பேச்சில்லாம போச்சுங்கப்பா, நான் சென்னை ஆபீசுக்கு மாத்திக்கிட்டுப் போயிடறேன், நீங்க அவளக் கூப்ட்டுப் பேசுங்க" என்றது. இதற்கு ஏன் சென்னைக்குப் போகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே சம்பளம் கூடவா என்று கேட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. இருட்டில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்போதுதான் உன் போன் வந்தது. அம்மா ரிசீவரை எடுத்து அப்படியே அது கையில் கொடுத்தாள். "பிரவீ, நான்தான்" என்றது. பொங்கலன்று கழற்றியதை நான் திரும்ப மாட்டவேயில்லை, சோக்கும் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது, தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தது. நான் ஸ்டூலைத் தேடினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏறாதீங்க, லைட்டுல ஒண்ணுமில்ல, அதுங்க ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உசுரா இருக்குதுங்க. எனக்குப் பொங்கலன்னைக்கே தெரியும். இந்த வூட்ல நீங்கதான் டியூப்லைட்டு" என்றாள்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஊர் வாயை நினைத்தும், எங்களுக்குப் பிறகு உன்னை நினைத்தும். ஆனால் அந்த வெளிச்சத்தில் அது முகத்தைப் பார்த்தேன். நீ என்ன சொன்னாயோ, அழுதுகொண்டே சிரித்தது. உன் குரலைக் கேட்டு இப்படிச் சிரிக்கிற ஆளை நான் எந்த ஜாதகத்தில் தேடிப் பிடிப்பேன்? அதை ஏற்றிவிடப் போன பஸ் ஸ்டாண்டில் பெரிதாக ஏதாவது சொல்ல நினைத்து, "சென்னைக்கெல்லாம் போவாத தாயி, ஹீட்டர் பிளக்கப் புடுங்கிட்டு அப்பறம் தண்ணியத் தொடு" என்றேன். அதற்கே அது என் கையைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் ராசாங்கம் மாமாவிடம் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணுக்குப் புனேயிலேயே மனசுக்குப் பிடித்த இடம் அமைந்துவிட்டது, ஏலாக்குறிச்சி வாத்தியார் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் என்றேன். அதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், மீதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சகாய பிரியாவின் அப்பா, அந்த வாத்தியாரிடம் பேசவேண்டிய நாளில் நானும் கூட வருகிறேன். நான் வாயைத் திறக்கக் கூடாது, பழம் மட்டும் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது உன் அம்மா உத்தரவு.

தீபாவளிக்கு இரண்டு பேரும் வாருங்கள். நோய் நொடியில்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக ரொம்ப நாள் இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிறு போன் செய்தால் அம்மாவோடு வைத்துவிடாதே, என்னிடமும் இரண்டு வார்த்தை பேசு. கவரின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். ஒரு மகள் பெயரை எழுதித்தான் பழக்கம், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா,
தர்மன்