ஐஸ் மலைக்குப் போன பஸ்

சிவமயம்

ரொறன்ரோ
2.9.86

அன்பு மகன் சச்சிதானந்தனுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் இங்கே பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டுக் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். உன் கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. விசா வரமுதல் ஒருக்கால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி உனக்குப் பேசி வைத்திருக்கிற மங்கையற்கரசியைப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த நேரம் தொடக்கம் பேப்பரும் பேனையுமாய்த்தான் இருக்கிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் சிரியாதே, முந்தியும் கோணல்தான். நாங்கள் உலாத்தப் போன கதையைக் கேள், அப்போதுதான் என் பயம் உனக்கு விளங்கும்.

இந்தக் கோடை வான்கூவரில் பெரிய கண்காட்சி என்று உன் கொப்பரின் தங்கச்சி மகன் தியாகலிங்கம் எங்கள் ஆட்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனான். கண்காட்சி பார்த்த மறுநாள் மலைப்பக்கம் பஸ்ஸில் சுற்றுலா. வழி காட்ட பேர்ணடெற் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. கன்னங்கரேல் என்று தூண் தூணாய் நின்ற பாறையைக் காட்டி, முந்தி இந்த மலை நெருப்புக் கக்கினது, அந்தக் குழம்பு ஐஸில் பட்டு இறுகித்தான் இப்படி நிற்குது என்றாள், தியாகலிங்கம் எங்களுக்குத் தமிழில் சொன்னான். இப்பவும் அடுப்பு நூராமல் தணலோடை கிடக்குதோ எண்டு கேள் தம்பி என்றேன். நித்திரை கொள்ளுதாம் மாமி என்றான். உன்ரை மாமாவைப் போல எண்டு சொல்லு, குறட்டைதான் இல்லை என்றேன், பஸ் முழுக்கச் சிரித்தது, கொப்பர் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கமுதல் பஸ் நின்றது. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கிடுகிடு பள்ளத்தில் கடல். இடுப்பில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் ஏறி ஏதோ இங்கிலிஷில் சொன்னான். அவன் சொல்லி முடிக்கவில்லை மகன், எங்கள் ஆம்பிளையள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊரில் ஆமி மறித்தால் இறங்குகிற மாதிரி வரிசையாய் இறங்கி, றோட்டுக் கரையில் வரிசையாய் நின்று, சட்டைப் பையில் இருந்து கையில் அகப்பட்ட அட்டையை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொம்பிளையள் நாங்கள் தாலியைப் பிடித்துக்கொண்டு சீற்றிலேயே இருந்தோம். பொலிஸ்காரன் பாவம், முழிக்கிறான். பிறகு தியாகலிங்கம் ஓடிப்போய்க் கேட்டு, கல்லு உருண்டு விழுந்திருக்குதாம், றோட்டுத் துப்பரவாக்குமட்டும் நிக்கட்டாம், ஏறுங்கோ என்று கத்தினான். எல்லாரும் வெட்கப்பட்டு ஏறினார்கள், நானும் பகிடி விட வாய் திறந்தேன். பேர்ணடெற் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். திரும்பவும் எண்ணினாள். ஒரு தலை குறைந்தது.

எனக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாய்க் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வளைவுக்கு அங்காலை இன்னும் கல்லு உருளுற சத்தம் கேட்டது. நான் வைத்த வேண்டுதலை இப்போது எழுத மாட்டேன். பஸ்ஸை எடுக்க விடமாட்டேன், ஒரு ஆள் இல்லை என்று அந்தப் பிள்ளை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், பொலிஸ்காரனே தேடிப் போனான். கொப்பர் எங்கே நின்றார் தெரியுமா, வளைவு தாண்டி, கல்லு விழுந்த இடமும் தாண்டி, கரும்பாறைக்குக் கீழே, ஊர் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. செக் பண்ணினால் நடந்து அங்காலை போய்த்தானே நிக்கவேணும், பஸ் பிறகு வந்து ஏத்தும்தானே என்று என்னைக் கேட்டார். நான் ஏசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன், கை ஐஸாய் இருந்தது.

பிறகு ஐஸ் மலையும் பார்த்தோம். நீலமாய் வெடித்துக் கிடந்தது, உள்ளே எவ்வளவு ஆழமோ தெரியாது. எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு அந்த வெடிப்புக்குள் தெரிந்தது வேறு முகம். போன வருஷம் நாங்கள் மூன்று பேரும் கொழும்புக்கு வந்தபோது எங்களுக்கு முன்சீற்றில் இருந்து உனக்குக் கச்சான் கடலை தந்த பெடியனை நினைவிருக்கா. ஆமி மறித்த இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாய்த்தான் இறங்கினீர்கள். நீ அங்காலை நடந்து வந்து ஏறினாய். அவனை ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள், பஸ்ஸை எடு என்றார்கள், எடுத்தது. கொழும்பு வரைக்கும் அவன் பை மேலே ஆடிக்கொண்டு வந்தது. நாங்கள் ஒருவரும் எண்ணவில்லை மகன், என் பிள்ளை ஏறிவிட்டான் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

அதுதான் சொல்கிறேன், நீ பஸ் ஏறாதே. மங்கையற்கரசியின் தாய்க்கு நேற்றே கடிதம் போட்டுவிட்டேன், நிலைமை கொஞ்சம் அடங்கினால் தாயும் மகளுமாய் கொழும்புக்கு வந்து உன்னைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் நீ இங்கே வந்தபிறகு நானே அவளைக் கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் அவளுக்குக் கடிதம் எழுது, எழுத்தாவது என்னுடையதைவிட நல்லாய் இருக்கும். கோபம் வந்தால் என்னோடு கோபி, உயிரோடு இருந்து கோபி.

பிள்ளையார் உன்னைக் காப்பார். எண்ணெய் வைத்துத் தோய், இரவில் வெளிக்கிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் ஏறமாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. அந்த வரி வரும்வரை, சோறு போடும்போது ஒவ்வொரு நாளும் எண்ணுகிறேன், ஒரு தலை குறையுது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
நாகேஸ்வரி